மூடாத கண்

எழுபதுகளில் ஒரு பங்குனி மதியம், மதுரையிலிருந்து காரைக்குடி வரும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புதுவயல் அரிசி மில்லில் வேலை பார்ப்பவராம். மூக்குவரை துண்டைச் சுற்றியிருந்தார். இமைக்கும்போது வலது கண் மட்டுமே மூடியது. மூடாத இடது கண்ணை அவ்வப்போது விரலால் இழுத்து மூடிக்கொண்டார்.

எதிர் சீட்டில் இருந்த பெண் திடீரென்று சீறினாள். "பேரன் எடுக்கிற வயசுல என்னய்யா கண்ணடிக்கிறீக?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டார்.

"கண்ணுக்கு முடியலைன்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன் மெதுவாக.

துண்டை இறக்கினார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"தொண்டையில புத்துநோய். ஆஸ்பத்திரியில கதிர்க் கரண்டு வச்சு இப்பத்தான் தேறி வாரேன். முந்தாநாள் வாய் கொப்புளிக்கையில தண்ணி ஒரு பக்கமா ஒழுகுச்சு. பாத்தா மூஞ்சி இழுத்துக்கிருச்சு. கண்ணைச் சொன்னா நோயையும் சொல்லணும். சொன்னா மில்லுல ஒருத்தரும் பக்கத்துல ஒக்கார மாட்டேங்கிறாக. வையிறவுக எந்திரிச்சுப் போகலையில்ல? வஞ்சுட்டுப் போறாக."

தலையாட்டினேன். ஆனால் என் தோள் தானாகவே கொஞ்சம் விலகியிருந்தது. நான் உணர்வதற்கு முன்பே அவர் அதைக் கவனித்துவிட்டார். துண்டை மறுபடி சுற்றிக்கொண்டு, ஜன்னலோடு ஒடுங்கி எனக்கு இடம் விட்டார்.

நான் நகர்ந்து அவரை ஒட்டி உட்கார்ந்திருக்கலாம். காரைக்குடி வரைக்கும் நகரவில்லை.