ஓவன் எங்கள் வீட்டில்தான் இருக்கும்

பிள்ளையார் சதுர்த்தியன்று அம்மா கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டி, பாத்திரத்தில் ஒட்டாமல் உருண்டு வரும்வரை கிளறுவது. முந்தைய நாள் காட்டாங்குளத்தூர் போகும் காலேஜ் பஸ்ஸில் நான் பார்த்த வீடியோவிலும் இதே வேலைதான். அரிசி மாவுக்குப் பதில் மைதா, எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய். ஆறியதும் முட்டை அடித்துச் சேர்த்தால் க்ரீம் பஃப் மாவு. ஓவனில் உப்பி உள்ளே வெற்றுக் கூடாகும். அந்தக் கூட்டுக்குள் க்ரீம். இதைப் போய் ஏதோ பெரிய வித்தை மாதிரி ஏன் பயமுறுத்துகிறார்கள் என்று கோபமே வந்தது.

என் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கேக் செய்கிறேன் என்று அடம்பிடித்து நான் வாங்கவைத்த ஓவன் பரணில் கிடந்தது. இரண்டு கேக்கோடு சரி. பிறகு கிட்டார், பிறகு ஜப்பானிய மொழி. பொறுத்துப் பார்த்த அம்மா, ஓவனை அப்பாவின் அக்காவுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டாள். அந்தச் சனிக்கிழமை அத்தை சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு.

"நீ எதையாவது முழுசா முடிச்சிருக்கியா? அங்க போனா பசங்களுக்காவது யூஸ் ஆவும்."

"அதுக்குள்ள நான் க்ரீம் பஃப் பண்ணிட்டா?"

"பண்ணு, பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே முதல் ஈடு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உருண்டைகள் உப்பத் தொடங்கியதும், முடிச்சூர் மெயின் ரோட்டுக்குக் கஸ்டர்ட் பவுடர் வாங்க ஓடினேன். திரும்பி வந்தால் எல்லாம் அமுங்கிக் கிடந்தன. அம்மா ஈரக்கையோடு நின்றாள். இட்லிக்குச் செய்வதுபோலப் பாதியில் கதவைத் திறந்து, விரலை நனைத்து, ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்திருக்கிறாள்.

"ஒட்டுதான்னு பாத்தேன்டி. ஒட்டிச்சு. வேகலன்னு சொல்லலாம்னா, நீ இல்ல."

சனிக்கிழமை இரண்டாவது ஈடு உள்ளே போனதும் ஓவன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அத்தை சீக்கிரமே வந்துவிட்டாள், கையில் சணல் கயிற்றோடு.

"இன்னாடி, போலீஸ் மாதிரி குந்திகினு கீற?"

"கதவத் தொறந்தா அமுங்கிடும் அத்த."

"எடுத்துனு போலாம்னு வந்தா, நீ சுட்டுகினு கீற."

"வெந்ததும் பேசலாம்."

வெந்தன. ஒன்று கோணல், இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆனால் எதுவும் அமுங்கவில்லை. ஒன்றைப் பிட்டுக் காட்டினேன்.

"உள்ள ஒண்ணுமே காணோம். காத்தையா வேக வெச்ச?" என்றாள் அத்தை.

"அந்தக் காத்துக்குத்தான் இவ்ளோ பாடு."

க்ரீம் அடிக்கவில்லை, எங்கள் சமையலறைச் சூட்டில் அது நிற்காது. ஃபிரிட்ஜில் வைத்திருந்த கஸ்டர்டை ஸ்பூனால் அடைத்து நீட்டினேன். அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அத்தை கையை நீட்டவே இல்லை.

"சனிக்கெழம நான் முட்ட தொடமாட்டேன்னு தெரியாது உனக்கு? தின்னாம எப்டி நல்லாக்கீதுன்னு சொல்றது?"

"அம்மாவக் கேளுங்க."

"உங்கம்மா நீ சுடுதண்ணி வெச்சாலும் நல்லாக்கீதுன்னுவா."

ஓவன் இன்னும் தொட முடியாத சூட்டில் இருந்தது. அதை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துப் போக முடியாது. அத்தை கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"அடுத்த சனிக்கெழம வரேன். முட்ட இல்லாம பண்ணி வை. நல்லாருந்தா நீயே வெச்சிக்கோ. இல்லன்னா கட்டி ரெடியா வை."

முட்டை இல்லாமல் இந்த மாவு உப்பவே உப்பாது என்று நான் பார்த்த வீடியோக்கள் எல்லாம் அடித்துச் சொல்கின்றன. சொல்லட்டும். திங்கட்கிழமை தயிரும் பேக்கிங் பவுடரும். அதற்கு மசியாவிட்டால், உளுந்தை நுரைக்க நுரைக்க அரைத்து மைதாவோடு சேர்க்கப் போகிறேன். வடையை உப்பவைக்கிறது, இதை ஏன் வைக்காது?