கடைசி சீட்டு

கோவில்பதாகையிலிருந்து காலையில் கிளம்பும் அந்தக் கம்பெனி பஸ்ஸில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் யாராவது கிழித்தாவது போட்டிருப்பார்கள். டிரைவருக்குப் பின்னால் ஆபீஸ் ஸ்டாஃப். அடுத்து பர்மனென்ட் ஆட்கள், அதற்குப் பின்னால் கான்ட்ராக்ட் ஆட்கள். பின்சக்கரத்தையும் தாண்டிக் கிடக்கும் கடைசி சீட்டு, பெருக்கித் துடைத்து கக்கூஸ் கழுவும் பெண்களுக்கு. முன்னால் இடம் காலியாகக் கிடந்தாலும் அவர்கள் அங்கே போய் உட்கார்வதில்லை.

அனுசுயா பன்னிரண்டு வருடமாக அந்த சீட்டில்தான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய் வருகிறாள். அவளைப் பெற்றவள் இதே ஊரில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். வயலெல்லாம் மனையாகிவிட்டது. வரிசை மட்டும் எப்படியோ பஸ்ஸில் ஏறி இடம் பிடித்துக்கொண்டது.

மகன் அரவிந்தன் இன்ஜினியரிங் முடித்து அதே கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே பயமும் பிடித்துக்கொண்டது. கக்கூஸ் கழுவுகிறவள் பிள்ளை என்று தெரிந்தால் அவனை மதிப்பார்களா?

"பஸ்ல என்னை அம்மான்னு கூப்டாத நைனா. நீ முன்னாடி போய் ஏறு, நான் பின்னால வர்றேன். என் தலை மேல சத்தியம் பண்ணு."

அவன் முறைத்தான். பிறகு சத்தியம் செய்தான். சொன்னபடியே இரண்டு நாள் முன் சீட்டில் உட்கார்ந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அனுசுயாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அவன் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டான். கம்பெனியில் யாரும் பார்க்காதபோது கொடுத்துக்கொள்ளலாம் என்று அவள் எடுத்து மடியில் வைத்திருந்தாள். முன்னால், அவன் பக்கத்தில் இருந்த ஸ்டோர்ஸ் சீனியர் ஜானகிராமன் விசாரணையை ஆரம்பித்தார். பேச்சு கடைசி சீட்டு வரை கேட்டது.

"கோவில்பதாகைல எந்தத் தெரு தம்பி?"

தெருவைக் கேட்டால் எல்லாவற்றையும் கேட்ட மாதிரி. அரவிந்தன், "மெயின் ரோடு பக்கம் சார்" என்று மழுப்பினான்.

"அம்மா?"

"வீட்லதான் இருக்காங்க."

கடைசி சீட்டில், அவன் யார் பிள்ளை என்று தெரிந்த குப்பம்மா, "ஊட்ல கீறவ இங்க இன்னாடி பண்ற?" என்று அனுசுயாவின் காதைக் கடித்தாள். அனுசுயாவால் சிரிக்க முடியவில்லை. தான் வெட்டிய குழிதான். ஆனாலும் வலித்தது.

"சாப்பாடு எடுத்துகினு வந்தியா?" என்றார் ஜானகிராமன்.

அவன் பையைத் துழாவினான். "இல்ல சார்."

"ஊட்ல சும்மாதான கீறாங்க, கட்டித் தரக்கூடாதா?"

விடியுமுன் எழுந்து உலை வைத்தவளுக்குச் சுருக்கென்றது. டப்பாவோடு எழுந்தாள். கான்ட்ராக்ட் ஆட்களைக் கடந்து, பர்மனென்ட் ஆட்களைக் கடந்து, ஸ்டாஃபைக் கடந்து, கம்பியைப் பிடித்தபடி அவன் முன்னால் போய் நின்றாள்.

"இந்தாங்க சார். உங்க அம்மா குடுத்து வுட்டாங்க."

சத்தியத்தைக் காப்பாற்றியது அவள்தான். அரவிந்தன் டப்பாவை வாங்கினான். அவன் முகம் கறுத்துச் சிறுத்துப்போனது. சட்டென்று எழுந்தான்.

"இவங்கதான் சார் எங்க அம்மா" என்றான், பஸ் முழுக்கக் கேட்க. "நீ உக்காரும்மா."

ஜானகிராமன் கால்களை ஒதுக்கி வழிவிட்டார். ஆனால் அனுசுயாவுக்கு அங்கே உட்கார மனம் வரவில்லை. "வேணாம் நைனா" என்று திரும்பி நடந்தாள். அவன் டப்பாவோடு அவள் பின்னாலேயே வந்தான். குப்பம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஆவடி தாண்டி ஒரு வேகத்தடை. பஸ் சாதாரணமாகத்தான் ஏறி இறங்கியது. கடைசி சீட்டில் அரவிந்தன் தூக்கியெறியப்பட்டு, நங்கென்று இடுப்பு அடிபட உட்கார்ந்தான். பெண்கள் இருவரும் முன்கூட்டியே கம்பியைப் பிடித்திருந்தார்கள்.

"இத்தினி வருசமா இப்டியாம்மா தூக்கிப் போடுது?"

"ரெண்டு நாளா முன்னாடி உக்காந்துனு வந்தியே. அங்க போடலியா?"

அவன் இடுப்பைத் தடவிக்கொண்டே முன் சீட்டுகளைப் பார்த்தான்.

"இல்லம்மா. அங்க ஒண்ணுமே தெரியல."