கிற்றார் விழுந்த சாறன்

பாட்டில் கிற்றார் அழுகிற இடத்தில் எத்தனை இழை போட வேண்டும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. கைத்தறி நிலையத்தின் மேற்பார்வையாளருக்கு இழைக் கணக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் ஒவ்வொரு நாளும் அதையேதான் என்னிடம் கேட்டுக்கொள்கிறேன். தறி வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன். பயன்படுமா என்பதும் நிச்சயமில்லை.

1. வெயிலில் காய்ந்த பற்றரி

மருதமுனையில் எங்களுடையது சிறிய நிலையம். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். நான் படித்தவள், நெசவுப் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருப்பவள் என்று என்னை மேற்பார்வைக்கு எடுத்தார்; பெண்களுக்கு நான் டீச்சர். எடுத்த அன்றே சொல்லிவிட்டார்.

"மகள், எண்ட மூத்த புள்ளைட கலியாணத்துக்கு மாப்பிள்ளையோட வாற ஆம்பிளையள் எல்லாருக்கும் இடுப்பில உடுக்க ஒரே மாதிரிச் சாறன் குடுக்கப் போறன். அந்த ஓடர் சரியா வந்தா நீங்க நிரந்தரம். பிழைச்சா வேற ஆள் பார்ப்பன். கோவிக்கப்படாது."

கோபிக்கும் நிலையில் நான் இல்லை. கணவர் சவூதியில். உம்மாவுக்குக் கண்ணில் சத்திர சிகிச்சை செய்திருந்ததால் பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே கைக்குழந்தையான மகனையும் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போனேன். தறிகளுக்கு நடுவே கூரை வளையில் சேலையால் தொட்டிலாக ஏணை கட்டி அவனைக் கிடத்தினேன். அவன் அழுதால் பெண்கள் தறியை விட்டு எழும்பி வந்துவிடுவார்கள். தறி நின்றால் ஓடரும் நிற்கும். அவனோ தூங்கவே மாட்டேன் என்றான்.

கணவர் கடிதம் எழுதுவதில்லை. கெசட்டில் பேசி அனுப்புவார். அந்த முறை கூட இருக்கும் பிலிப்பைன்காரரின் பழைய கெசட் ஒன்றில் பதிந்திருந்தார். ஸலாம் சொல்லி அவர் முடித்ததும் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதன்பின் ஒரு வெள்ளைக்காரன் தொண்டை கிழியப் பாடத் தொடங்குவான். றொக் பாட்டு என்று அதற்குப் பெயர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நிலையத்தில் மின்சாரம் இல்லை. கெசட் போடும் பெட்டி பற்றரியில் ஓடியது. வலுக் குறைந்த பற்றரிகளைக் கிணற்றுக்கட்டில் வெயிலில் காயவைத்து மறுபடியும் போடுவோம். ஊரில் எல்லோரும் செய்வதுதான். அப்படிக் காய்ந்த பற்றரியில் வெள்ளைக்காரனின் குரல் நெல் மூட்டை ஏற்றிய வண்டில் மணலில் புதைந்ததுபோல் இழுபட்டது. நடுவில் சொல்லே இல்லாமல் கிற்றார் மட்டும் வரும் இடம் ஒன்று உண்டு. அது வயிற்றுவலி வந்த பூனைபோல் ‘ஙொய்ங்…’ என்று நீண்டுகொண்டே போனது.

மகன் தூங்கிவிட்டான்.

பற்றரியை மிச்சப்படுத்துவதற்காக நானே பாடத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் லொறி, றோட்டு, இரவு என்று சில சொற்கள்தான் பிடிபட்டன. மற்றவை குழந்தையின் காதில் விழத்தக்க சொற்கள்தானா என்று பயம் வந்தது. அதனால் மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லை மாற்றினேன்.

*கடல் கடந்த வாப்பா கெசட்டுப் போடுவார்*
*கண்ண மூடு மகனே, காத்து வந்து ஆட்டும்*

கிற்றார் இடத்துக்கு என்ன சொல் போடுவதென்று தெரியவில்லை. ‘ஙொய்ங்’ என்றே விட்டுவிட்டேன்.

2. ஒரு பாட்டு, மூன்று பாட்டு

சில நாளில் நிலையம் முழுவதும் அதைப் பாடியது. ஆனால் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாக. எங்களில் மூத்த சுலைஹா ராத்தாவின் கணவர் கரைவலைக்காரர். அவ வலை இழுப்பவர்களைப்போல் ‘ஏலேலோ’ போட்டு இழுத்துப் பாடினா. பக்கீர்மார் ரபான் மேளம் தட்டிப் பாடும் பைத் கேட்டு வளர்ந்த பௌசியா, நூல் தார் போடும் பெட்டியைக் கவிழ்த்து ரபானாக்கித் தட்டித் தட்டிப் பாடினாள்.

"என்னகா ராத்தா, புள்ளைக்குத் தாலாட்டா, மீனுக்கு வலையா?" என்றாள் பௌசியா.

"ரெண்டும் ஒண்டுதான்கா. பிடிபடுற மட்டும் இழுக்கோணும். உண்ட பாட்டக் கேட்டா புள்ள தூங்காது, கந்தூரிச் சோத்துக்கு எழும்பி வெளிக்கிட்டிரும்."

இங்கே எங்கள் நிலையத்தின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குறுக்கே ஓடும் நூலின் நிறத்தை மாற்ற எங்கள் பெண்கள் இழை எண்ணுவதில்லை. பாட்டால் அளப்பார்கள். ஓர் அடி முடியும்வரை பச்சை, அடுத்த அடிக்கு வெள்ளை, பிறகு மெரூன். முன்பு ஊர்ப் பாட்டான கவி பாடி நெய்த காலத்தில் கோடுகள் அச்சடித்தமாதிரி வந்தன. எண்ணித்தான் நெய்ய வேண்டும் என்று பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். திருத்துவோமா, விடுவோமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நன்றாக ஓடுகிற தறியை ஏன் குழப்புவான் என்று விட்டேன். சரியா பிழையா, இன்னும் தெரியாது.

கவியில் கிற்றார் இல்லை. இந்தப் பாட்டில் இருந்தது. ஙொய்ங் முடிந்து சொல் வரும்வரை எல்லோரும் கையிலிருந்த மெரூன் நூலையே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

3. ஹாஜியார் சாறனை வாசித்தது

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் ஹாஜியார் வந்து துணியை விரித்தார்.

"இதென்ன மகள், கட்டத்துக்கு நடுவால ஒரு வாய்க்கால் ஓடுது?"

"பாட்டு, ஹாஜியார்."

"என்ன?"

சுலைஹா ராத்தாதான் விளக்கினா. ஹாஜியார் துணியை மேசையில் பரப்பி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, படிங்க பார்ப்பம்."

அவர் முன்னால் எனக்குப் பாட வரவில்லை. பெண்கள் தொடங்கினார்கள். ஹாஜியார் விரலால் கோடு கோடாகத் தொட்டுக்கொண்டு வந்தார்.

"இது?"

"வாப்பா கெசட்டுப் போடுவார்."

"இது?"

"கண்ண மூடு மகனே."

விரல் மெரூன் கோட்டில் ஏறியது. நிலையம் முழுவதும் ‘ஙொய்ங்…’ என்றது. விரல் ஊர்ந்தது. ஊர்ந்துகொண்டே இருந்தது.

"இது என்ன சொல்லுது?"

"அது கிற்றார், ஹாஜியார். ஒண்டும் சொல்லாது."

"ஒண்டும் சொல்லாமலா இவ்வளவு தூரம்?"

அதோடு முடியவில்லை. ஒவ்வொரு தறியாகப் பார்த்தார். சுலைஹா ராத்தாவின் துணியில் கோடு வாய்க்கால் அகலம். பௌசியாவின் துணியில் வரம்பு அகலம். என் மெட்டில் நெய்தவர்களின் துணியில் இரண்டுக்கும் இடையில். ஒரே மாதிரிச் சாறன் என்பதுதான் அவர் கேட்ட ஒரே விஷயம். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஏணையை அவிழ்ப்பதற்குக் கையைக்கூட உயர்த்தினேன். மகன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

ஹாஜியார் அவனை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு சத்தத்துக்கும் இவன் எழும்பல்லியே. இவன் யார்ர பாட்டுக்குத் தூங்குவான்?"

"டீச்சர்ர பாட்டுக்குத்தான்," என்றாள் பௌசியா.

"அப்ப அதான் அளவு. மத்த ரெண்டு விதத்தயும் கலியாணம் முடியுமட்டும் நிப்பாட்டுங்க. நெய்ஞ்சது கடைக்குப் போகட்டும், இனி அவிழ்த்து நெய்ய நாளில்ல."

மிச்ச நாள் முழுக்க எல்லாத் தறியும் தாலாட்டிலேயே ஓடின. பௌசியாவுக்கு நெய்யும்போதே தூக்கம் வந்தது.

4. ஊர்வலம்

மாப்பிள்ளை வீட்டார் சம்மாந்துறை. ரபான் முழங்க மாப்பிள்ளை வந்தார். பின்னால் தோழர்கள், மாமன்மார், சின்ன வாப்பாமார், எல்லோரும் எங்கள் சாறனில். நாங்கள் உள்ளே யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றோம். அவர்கள் எங்களைத் தாண்டிப் போனபோதுதான் கவனித்தேன். உடுத்தபின் மெரூன் கோடு எல்லோருக்கும் சரியாகப் பின்பக்கம் விழுந்திருந்தது.

"பாருகா," என்று சுலைஹா ராத்தா என் காதுக்குள் சொன்னா. "கிற்றார் முழுக்கப் பின்னுக்குப் போயிட்டு."

யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. யன்னலுக்குப் பின்னாலிருந்து ‘ஙொய்ங்…’ என்று ஒரு முனகல் கிளம்பியது. ஊர்வலத்தின் கடைசி வரிசை திரும்பிப் பார்த்தது. நான் தலை தெரியாமல் தரையில் குந்திவிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் ஹாஜியார் என்னைக் கதவடிக்குக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளைட மாமா கேட்கிறார், இது எந்த ஊர்க் கோடெண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க, ஹாஜியார்?"

"சவூதி எண்டன். அங்கேருந்துதானே வந்த? பொய்யில்லியே?" பிறகு, "அவருக்கும் பத்துச் சாறன் வேணுமாம். நீங்க நிரந்தரம் மகள்," என்றார்.

5. புதுப் பற்றரி

இப்போது கல்முனைக் கடைகள் அந்த மெரூன் கோடுதான் வேண்டும் என்று கேட்கின்றன. கணவர் லீவில் வந்தபோது புதுப் பற்றரி ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஆசையோடு போட்டோம். வெள்ளைக்காரன் நாய் துரத்தியவனைப்போல் பாடினான். கிற்றார் தொடங்குமுன்பே முடிந்துவிட்டது. மகன் வீரிட்டு அழுதான்.

"இது யாருகா?" என்று கேட்டா சுலைஹா ராத்தா. "அவன்ட தம்பியா?"

"பாட்டே இதுதான்," என்றார் கணவர். யாரும் நம்பவில்லை. எனக்கும் இதுதான் போலியாகக் கேட்டது. அந்த வேகத்தில் நெய்து பார்த்தோம். கோடு நூல்போல் மெலிந்து வந்தது.

ஹாஜியார் இரண்டாவது நிலையம் திறக்கப்போகிறார். "அங்க பாட்டு வேணாம் மகள். கிற்றாருக்கு எத்தின இழையெண்டு நம்பரச் சொல்லுங்க," என்கிறார். எண்ணிப் பார்த்தேன். நல்ல வெயிலில் காய்ந்த பற்றரிக்கு ஒரு கணக்கு வருகிறது. மழை மூட்டத்தில் வேறொரு கணக்கு. பெட்டியில்லாமல் நாங்களே பாடினாலோ, ஏணையில் பிள்ளை இல்லாதபடியால் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மகன் இப்போது நடக்கிறான். தூங்குவதற்கு அவனுக்கு எந்தப் பாட்டும் வேண்டாம்.

முதல் நாளே எண்ணியிருக்க வேண்டும் என்பதுதான் நான் படித்த பாடம். ஆனால் எண்ணியிருந்தால் இந்தக் கோடே விழுந்திருக்காது. அதனால் இதைப் பாடமென்று சொல்லலாமா என்பதிலும் சந்தேகம்.

அந்தப் பழைய பற்றரிகளைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் வெயிலில் வைத்து எடுக்கிறேன். இன்னும் எவ்வளவு காலம் தாங்குமோ தெரியாது. தறி தெரிந்தவர்கள், கிற்றார் தெரிந்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். ஹாஜியாருக்கு நான் எந்தக் கணக்கைக் கொடுக்கலாம்? இல்லையென்றால், பக்கத்துத் தெருவில் தூங்காத பிள்ளை எதையாவது ஏணையில் போட இரவல் கேட்கலாமா?