காற்று புரட்டிய பக்கம்

எண்பதுகளின் தொடக்கம். உறையூரில் ஒரு சிறிய தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியையாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும்போதே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வேன். பெரிய டீச்சர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு!

அந்த வருடம் பிள்ளைகள் குறைந்துபோனதால் ஓர் ஆசிரியர் பணியிடம் போய்விட்டது. மூன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளையும் சேர்த்துவிட்டு, இரண்டு ஆசிரியைகளில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே பிள்ளைகளோடு மேலே வந்தவர்கள். யார் நன்றாக நடத்துகிறார் என்று எழுதித் தரும்படி பள்ளித் தாளாளர் என்னிடம் கேட்டார்.

எனக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. 'அ' பிரிவு வாசலில் நின்றால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அந்த டீச்சரின் பாடக்குறிப்பு நோட்டு திங்கட்கிழமை காலையில் என் மேஜைக்கு வந்துவிடும், எழுத்து முத்து முத்தாக இருக்கும். 'ஆ' பிரிவோ சந்தைக்கடை. அந்த டீச்சரிடம் நோட்டை நானே கேட்டு வாங்க வேண்டும். "வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்" என்று அவரைப் பற்றி எழுதி, உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். மாலையில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தேன்.

அன்றைக்கு 'அ' பிரிவு டீச்சர் லீவு. நானே போய் உட்கார்ந்தேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தியைப் படிக்கச் சொன்னேன். புத்தகத்தை பெஞ்சின் மேல் விரித்து, விரல் வைத்துக் கணீரென்று படித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக ஆடிக் காற்று அடித்து நாலைந்து பக்கங்களைப் புரட்டிவிட்டது. அவள் நிறுத்தவில்லை. புதுப் பக்கத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, பழைய பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் படித்துக்கொண்டு போனாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இந்தப் பக்கத்தைப் படிம்மா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த பிள்ளையைக் கேட்டேன், அதற்கடுத்த பிள்ளையைக் கேட்டேன். பாடம் மொத்தமும் மனப்பாடம். அதிலிருந்த சொற்களையே கரும்பலகையில் இடம் மாற்றி எழுதினால், படித்தவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வருடம்!

நேரே 'ஆ' பிரிவுக்குப் போனேன். அன்றுதான் முதல் தடவையாக அந்த வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தேன். பிள்ளைகள் கையில் தீப்பெட்டி, மளிகைப் பொட்டலத் தாள், கிழிந்த நோட்டீஸ். அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் அத்தனை சண்டையும். ஒருத்தி என் சேலையைப் பிடித்து இழுத்து, "பெரிய டீச்சர், இதுல சிவகாசின்னுதானே போட்டிருக்கு? இவ இல்லேங்கிறா" என்று பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டாள்.

உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு வகுப்பிலும் கண்ணால் கண்டதை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் 'அ' பிரிவு டீச்சரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை.

"ரெண்டு வருஷமா வாசல்லயே நின்னு, சத்தம் வருதான்னுதானே பாத்தீங்க? ஒரு பிள்ளையையாவது படிக்கச் சொல்லிக் கேட்டீங்களா டீச்சர்? நீங்க எதைப் பாத்தீங்களோ, அதை நான் சரியாத்தான் செஞ்சேன்" என்றார்.

அவருக்கு வேலை போனது. தாளாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வருடம் கழித்து மணப்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் அவருக்கு இடம் கிடைக்கச் செய்தேன். அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் வெட்கமாக இருந்திருக்கும்.

இன்றைக்கும் யாராவது ஒரு பள்ளியைப் பற்றி, "உள்ள போனா பின் டிராப் சைலன்ஸுங்க" என்று பெருமையாகச் சொன்னால், அங்கே தலைமை நாற்காலியில் என்னைப் போல ஒருத்தி உட்கார்ந்திருக்கக் கூடாதே என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.