பந்தியில் உட்கார மறுத்தேன்

இன்று தா.பழூரில் பெரியப்பா பேத்திக்குக் காதுகுத்து. மதியச் சாப்பாட்டை விடும்படி டாக்டர் எனக்குச் சொல்லியிருந்ததும் இன்றைக்குத்தான்.

இடுப்பில் இருக்கும் இன்சுலின் பம்ப், நான் சாப்பிடாத நேரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலினைச் செலுத்திக்கொண்டே இருக்கும். அந்த அளவு சரிதானா என்று பார்க்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.

பந்திக்குப் போகவில்லை. பெரியம்மா வந்துவிட்டார்.

"என்னடி கோவம் ஒனக்கு?"

"கோவம்லாம் இல்ல பெரியம்மா. இந்த மெஷினுக்குச் சோதனை."

"அப்ப மெஷினு பட்டினி கெடக்கட்டும். நீ வந்து உக்காரு."

மறுத்துவிட்டேன். விசேஷ வீட்டில் கை நனைக்காவிட்டால் மனத்தாங்கல் என்றுதான் எங்கள் பக்கம் அர்த்தம். சற்று நேரத்தில் அத்தை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த அரியலூர் மாப்பிள்ளை வூட்டுல ஒனக்குச் சுகர் இருக்குன்னு நான்தாம்மா சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத, ஒரு வாய் சாப்புடு."

அந்தச் சம்பந்தம் ஏன் நின்றது என்று எனக்கு அதுவரை தெரியாது!

கையில் ஒட்டியிருக்கும் சென்சார் சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பும்; உடனே எடுத்துப் பார்த்தேன். துளியும் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அளவு அத்தனை கச்சிதம்.

அடுத்த வாரம் இரவுச் சாப்பாட்டை விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

சொந்தக்காரர்களே, யார் வீட்டில் விசேஷம்?