என் குரலைப் பூட்டிய நீலக் குடை

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பட்டப்பெயர் சரிபாத்தம்மா. இருபத்தாறு வருடமாக அங்கே மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறாள். அந்த அறைக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் மருந்தை எடுக்க வேண்டும், இன்னொருவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான்கு கண் படாமல் ஒரு மாத்திரைகூட ஜன்னலைத் தாண்டக் கூடாது. மற்றவர்கள் சாயங்காலம் வெள்ளைக் கோட்டோடு சேர்த்து அந்த விதியையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். இவள் அதை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். அவள் பூட்டிய கதவை நான் இழுத்துப் பார்க்க வேண்டும். அவள் அணைத்த அடுப்பை நான் எட்டிப் பார்க்க வேண்டும். "நான் என்ன உன் ஆஸ்பத்திரிச் சிப்பந்தியா?" என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்! எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அது ஊருக்கே தெரியும்.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன். முப்பத்தொரு வருடம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது என் வலப்பக்கம் மொத்தமும் என்னை விட்டு நழுவியது. குரலும் கூடவே போயிற்று. அதன்பிறகு ஆறேழு மாதம் நான் விழித்திருந்தேனா, தூங்கினேனா என்று இன்றுகூட எனக்குத் தெளிவில்லை. ஜன்னல் திரை மெல்ல உப்பும், அடங்கும். அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்தால் காலை சாயங்காலம் ஆகியிருக்கும். கண்ணை மூடினால் காலி வண்டிகள் விளக்கெரிய வந்து நின்று, ஒருவரும் ஏறாமலே கிளம்பிப் போகும். அறிவிக்க வாய் திறப்பேன், சத்தம் வராது. விழித்த பிறகும் வராது. படித்தால் புரிந்தது. எழுதத்தான் முடியவில்லை. பேனாவைப் பிடித்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று சேர மாட்டோம் என்று அடம் பிடித்தன. இப்போது இதை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருப்பது வெகுநாள் கழித்துக் கிடைத்த பாக்கியம்.

அந்த நாட்களில்தான் மைக்செட் வந்தான். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொண்ட என் நண்பனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். என் பழைய அறிவிப்புகளின் பதிவுகளை எடுத்துப்போய், வார்த்தை வார்த்தையாக நறுக்கி, தன் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதிவிட்டான். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தால் கலர் கலராகப் பட்டன்கள் வரும். இடது கையால் மவுஸை நகர்த்தி ஒன்றை அழுத்தினால், ஸ்பீக்கரிலிருந்து என் குரலே பேசும். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு வார்த்தைகள். முதல் தடவை கேட்டபோது, பக்கத்து அறையில் இன்னொரு நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

ஆனால் அத்தனையும் பேருந்து நிலைய வார்த்தைகள். சாப்பாடு வரவில்லை என்றால் "நாற்பது... நிமிடம்... தாமதம்" என்பேன். சொந்தக்காரர்கள் உட்கார்ந்துகொண்டே இருந்தால் "உடைமைகளை... எடுத்துக்கொண்டு... புறப்படவும்" என்பேன். என் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடுவாள். சண்டை போட்டு நான் இறங்கிவந்தால் "வருந்துகிறோம்" என்றுதான் சொல்ல முடியும்.

"யார் யார் சேர்ந்து வருந்துறீங்க?" என்று கேட்பாள்.

புரோகிராமை எழுதிக் கொடுத்த மூன்றாம் மாதம் மைக்செட் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். பேருந்து நிலையத்தில் புது மெஷின் குரல் வந்து, பழைய பதிவுகளை அழித்துவிட்டார்கள். அவன் பிரதி போட்டுக் கொடுத்த பென்டிரைவ் சட்டைப் பையோடு சலவை மெஷினுக்குள் போய் வெளுத்து வந்தது. ஆக, என் குரல் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஹாலின் மூலையில், துணி மூடிய அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அவள் அதில் ஏதோ தேடிக்கொண்டிருந்தபோது, திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பெட்டி குதித்தது. உங்கள் கம்ப்யூட்டரில் முப்பத்தொன்பது வைரஸ்கள், உடனே இதை டவுன்லோட் செய்யுங்கள் என்று கத்தியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு அதை முறைத்தாள்.

"நாம இருமுறதுக்கு முன்னாடியே மருந்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறான் பாருங்க. இவன்தான் திருடன்" என்று பெட்டியை மூடினாள். மூடினாளே தவிர பயம் பிடித்துக்கொண்டது. "நிஜமாவே ஏதாவது புகுந்து உங்க குரலைத் தின்னுட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

மறுநாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். நல்ல ஆன்டிவைரஸ் வேண்டும், அதுவும் இலவசமாக. முதல் பக்கத்தில் அவள் எழுதிய முதல் கேள்வி: சும்மா கொடுக்கிறவன் எப்படிப் பிழைக்கிறான்? பெரியதை விற்பதற்காகச் சின்னதைச் சும்மா கொடுக்கிறவன் பரவாயில்லை, நம் விஷயங்களைப் பொறுக்கி விற்கிறவன் ஆகாது என்று குறித்துக்கொண்டாள். யார் தயாரித்தது, பரிசோதனைக் கூடத்தில் வேறு யாராவது சோதித்தார்களா, புது வைரஸ்களின் பட்டியல் தினமும் வருகிறதா என்று மருந்து அட்டையைப் படிப்பதுபோல் ஒவ்வொன்றையும் புரட்டினாள். பளபளவென்று பெரிய பச்சைப் பட்டன் இருக்கும் பக்கங்களைத் தொடவே இல்லை. தயாரித்தவனின் சொந்தப் பக்கம் எது என்று எழுத்துக் கூட்டித் தேடிப் போனாள். நான் பக்கத்தில் சாய்ந்து, அவள் கண்ணாடியில் திரையின் வெளிச்சம் நகர்வதைப் பார்த்தபடி தூங்கித் தூங்கி விழுவேன். ஐந்து நாளில் பதினோரு பெயர்களை அடித்துவிட்டாள். மிச்சம் இரண்டு. ஒன்றுக்குப் பச்சைக் கேடயம் அடையாளம், மற்றதற்கு நீலக் குடை. இரண்டும் யோக்கியமானவைதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆறாம் நாள் காலை இரண்டையும் போட்டாள். "ஒண்ணு கோட்டை விட்டா இன்னொண்ணு பிடிக்கும். எங்க ஜன்னல் மாதிரி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. "நன்றி... மீண்டும்... வருக" என்று அனுப்பிவைத்தேன்.

பகல் ஏற ஏற கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. உள்ளே விசிறி ஓயாமல் இரைந்தது. மவுஸை நகர்த்தினால் அம்பு நின்று, யோசித்து, பிறகு நகர்ந்தது. தண்ணீருக்குள் கை வீசுகிற மாதிரி இருந்தது. திடீரென்று என் பட்டன்கள் மறைந்துவிட்டன. ஓரத்தில் நீலக் குடையின் சின்னச் சீட்டு: தயாரித்தவர் யாரென்று தெரியாத புரோகிராம், சந்தேகத்துக்குரியது, பூட்டி வைக்கப்பட்டது.

அட பாவிகளா! மைக்செட்டைத் தெரியாதா உங்களுக்கு?

கத்த வேண்டும்போல் இருந்தது. எதை வைத்துக் கத்துவது? தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். ஜன்னல் திரை உப்பியது, அடங்கியது. பழைய காலி வண்டிகள் பட்டப்பகலிலேயே ஹாலுக்குள் வந்து வரிசையாக நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்தாள். "டீ போடட்டுமா?" என்றாள். நான் அவளையே பார்த்தேன். "பசிக்குதா? மாத்திரை போட்டீங்களா?"

"ஓஹோ, கோவமா? காலைல கிளம்பறப்ப நல்லாத்தானே இருந்தீங்க? பேசலேன்னா போங்க. எனக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியும்!"

டீயைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தாள். எனக்குக் கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. இடது கையால் மேசையைத் தட்டி, திரையைக் காட்டினேன். குனிந்து அந்தச் சீட்டைப் படித்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

"ஐயோ... நானே உங்க வாயைக் கட்டிட்டேனே."

எங்கள் மாப்பிள்ளைக்கு போன் போட்டாள். வேறு ஊரில் இருக்கிறார், கம்ப்யூட்டர் வேலை. எடுக்கவில்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை. "தொலைங்கடா ரெண்டு பேரும்" என்று முதலில் பச்சைக் கேடயத்தைப் பிடுங்கி எறிந்தாள். விசிறியின் இரைச்சல் குறைந்தது. அந்தச் சூட்டோடு நீலக் குடைக்குப் போனாள். நீக்கவா என்று அது கேட்டது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: நீக்கினால், பூட்டி வைத்தவை அனைத்தும் சேர்ந்து அழிந்துவிடும்.

மருந்துச் சீட்டின் கடைசிப் புள்ளிவரை படிக்கிறவள், அன்றைக்கு ஆத்திரத்தில் அந்த வரியைப் படிக்கவில்லை. நான் படித்தேன். அம்பு 'ஆம்' மேல் போய் நின்றது. அவள் விரல் மடங்குவது தெரிந்தது. நிறுத்து என்று சொல்ல என்னிடம் ஒரு எழுத்துகூட இல்லை. பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். டீ டம்ளர் உருண்டது.

"கையை விடுங்க! என்ன இது?"

விடவில்லை. அவள் வளையல் ஒன்று நெளிந்தே போயிற்று. என் கண் எங்கே நிலைத்திருக்கிறது என்று பார்த்து, அங்கே அவளும் பார்த்தாள். மெதுவாக, உதடு அசைய, அந்த வரியைப் படித்தாள். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு மாப்பிள்ளையே கூப்பிட்டார். "அத்தை, ரெண்டு ஆன்டிவைரஸை ஒண்ணா வெக்கவே கூடாது. ஒண்ணை ஒண்ணு திருடன்னு நினைச்சு மல்லுக்கட்டும். கம்ப்யூட்டரோடவே ஒரு காவல் சும்மா வருது, வீட்டுக்கு அதுவே போதும். முதல்ல பூட்டினதை வெளிய எடுங்க. அப்புறம் குடையை மடக்குங்க."

அவர் சொல்லச் சொல்ல அவள் தேடினாள். பூட்டிய பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அதைத் தொட்டதும் திரை கேட்டது: இதைத் தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை, இதை நம்புகிறீர்களா?

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்று அதனிடமே சொல்லிவிட்டு அழுத்தினாள்.

பட்டன்கள் வந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை, எல்லாம் அப்படியே இருந்தன. முதல் வேலையாகத் தெருமுனைக் கடைக்கு ஓடி, புதுப் பென்டிரைவ்கள் இரண்டு வாங்கிவந்து பிரதி எடுத்தாள். அதற்குப் பிறகுதான் குடையை மடக்கி வெளியே அனுப்பினாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் தரையில் சிந்திய டீயின் மேல் விழுந்திருந்தது. இருவருமே அதைத் துடைக்க எழுந்திருக்கவில்லை.

"ஏதாவது பேசுங்க" என்றாள்.

இருநூற்றுப் பதினான்கு வார்த்தைகள் கண்ணெதிரே இருக்கின்றன. எதை அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

"திட்டவாவது செய்யுங்க. நீங்க தண்ணி கேக்க முடியாதேன்னு இல்ல, நான் பயந்தது. நான் வந்து நிக்கிறேன், நீங்க ஒரு வார்த்தை பேசாம பாக்கறீங்க. அந்தச் சீட்டைப் படிச்சப்ப, நீங்களே போயிட்டீங்கன்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேங்க." அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில் நான் கிடந்த நாட்களில்கூட என் முன்னால் அழாதவள்.

பட்டன்களைத் தேடினேன். நான் என்ற வார்த்தை எனக்கு இல்லை. எந்த அறிவிப்பாளரும் அதைச் சொல்லியிருக்க மாட்டான். இருந்ததை வைத்து, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் அழுத்தினேன்.

"இந்த... வண்டி... எங்கும்... செல்லாது" என்றது என் குரல்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"போய்த்தான் பாருங்களேன்!" என்றாள்.