அகாதெமிக்கின் தொண்ணூற்று நான்கு

சார்சென் அகாதெமிக் ஆன வரலாறு எங்கள் ஜார்கென்ட் ஊரில் எல்லோருக்கும் தெரியும்; தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

எங்கள் பக்கத்தில் மருமகளாக வந்தவள் புருஷன் வீட்டு மூத்தவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. ஆளுக்கொரு பட்டப்பெயரை அவளே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சார்செனின் மைத்துனனைக் கட்டிக்கொண்டு ராய்ஹான் வந்த மூன்றாம் நாள், சார்சென் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பென்சிலால் அல்ல, பேனாவால். அழிக்க முடியாத மையில் அவ்வளவு துணிச்சலாக எழுதுகிற மனிதரை அவள் பார்த்ததில்லை. "அகாதெமிக் அண்ணனுக்கு டீ ஊத்தட்டுமா?" என்றாள். பேரறிஞர் என்று அர்த்தம். டீ ஆறுவதற்குள் பட்டம் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

பட்டம் கிடைத்துவிட்டால் அதற்கேற்ப வாழ வேண்டுமே. சார்சென் வாழ்ந்தார். பள்ளிவாசல் கடிகாரம் நான்கு நிமிடம் பிந்துகிறது என்று கண்டுபிடித்தார். சேற்றில் சிக்கிய லாரி ஏன் நகரவில்லை என்பதை அரைமணி நேரம் விளக்கினார். லாரி விளக்கத்தை ஏற்றுக்கொண்டு அங்கேயே நின்றது. பதினான்கு வயதில் மாவட்டக் கணிதப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய சான்றிதழ் வீட்டில் டி.வி.க்கு மேலே தொங்கியது. கலந்துகொண்டவர்கள் மூன்று பேர், மூன்றாமவனுக்கு அன்று அம்மைக் காய்ச்சல் என்பதெல்லாம் வரலாற்றாசிரியர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத விவரங்கள்.

மின்வாரியத்தில் அவருக்கு வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கும் வேலை. அறுநூற்று நாற்பது வீடுகள். போன மாதம் எந்த வீட்டில் மீட்டர் எந்த எண்ணில் நின்றது என்பதை நோட்டைப் பார்க்காமல் சொல்வார். எந்தக் கதவைத் தள்ள வேண்டும், எதைத் தூக்க வேண்டும், எந்த நாய்க்கு என்ன பெயர் என்பதும் தெரியும். யாராவது வியந்தால் முகத்தைச் சுளிப்பார். "அது வேலைய்யா. அறிவுங்கறது வேற."

அந்த வேறு என்னவென்று அளந்து பார்க்க ஒருநாள் அல்மாட்டியிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி வந்து இறங்கினார். போர்மேன் பதவி காலியாக இருந்தது. இனிமேல் பதவி உயர்வெல்லாம் அறிவுச் சோதனை வைத்துத்தான் என்று மேலிடத்து உத்தரவு. நாற்பது நிமிடம், அறுபது கேள்வி. சார்சென் கல்யாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேனாவுடன் போனார்.

பதினொன்றாம் கேள்வி வரை எல்லாம் சுகம். பதினொன்றில் ஐந்து உருவங்கள். பொருந்தாதது எது என்று கேட்டிருந்தார்கள். சாதாரண மூளை ஒன்றைத் தட்டிவிட்டுப் போயிருக்கும். சார்செனோ, ஐந்துமே ஒவ்வொரு காரணத்தால் பொருந்தாதவை என்பதைக் கண்டுகொண்டார். கண்டதை ஓரத்தில் பொடி எழுத்தில் நிரூபித்தார். இடம் போதாமல் கூடுதல் தாள் கேட்டார். இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. மீதிக் கேள்விகளெல்லாம் மீதி நேரத்துக்குள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டன.

கம்பத்தில் ஏறும் ஒதெபாய் முப்பதாவது நிமிடத்திலேயே எழுந்துவிட்டான். வருஷத்துக்கு நாற்பது வார்த்தை பேசுகிறவன். ஊர் அவனை மந்தம் என்று எப்போதோ முடிவு செய்திருந்தது. "பஜார்ல பியூஸ் போயிருக்கு, போகட்டுமா?" என்றான். அந்த வருஷக் கணக்கில் நான்கு வார்த்தை கழிந்தது.

வியாழக்கிழமை ஆளுக்கொரு சீட்டு வந்தது. சார்சென் பிரிக்கும்போது பின்னால் டீ கெட்டிலோடு நின்றது ராய்ஹான். அலுவலகத்தில் டீ போடுவது அவள்தான். 94 என்ற எண்ணைப் பார்த்தாள். அவ்வளவுதான். கெட்டிலைக் கூடக் கீழே வைக்காமல் ஓடினாள்.

ஓடாமல் என்ன செய்வாள்? நல்ல செய்தியை முதலில் கொண்டுபோகிறவர் 'சுயின்ஷி' என்று கேட்டால், செய்தி யாருக்கோ அவர் பரிசு கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்ததை ஏழு தலைமுறைக்கும் திருப்பிக் கேட்கக் கூடாது.

"சுயின்ஷி அண்ணி, சுயின்ஷி."

சார்செனின் மனைவி ஜுபார் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "மொதல்ல மூச்சு விடு. என்ன, மழையா, மாப்பிள்ளையா?"

"எடுத்துக்கன்னு சொல்லுங்க. அப்பத்தான் வாயத் திறப்பேன்."

"என் தோள்ல கெடக்குறத எடுத்துக்கடி. சொல்லு."

தோளில் கிடந்தது மோதிரத்துக்குள் நுழைந்து வரும் ஓரென்பர்க் கம்பளிச் சால்வை. ராய்ஹான் அதை முதலில் போர்த்திக்கொண்டாள்.

"நம்ம அகாதெமிக் அண்ணனுக்குத் தொண்ணூத்தி நாலு. நூத்துக்கு."

"மீதி ஆறு எங்க போச்சு?"

"அது அல்லாவுக்கு விட்டது அண்ணி. எல்லாத்தையும் மனுஷனே வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

அதே நேரம் அலுவலகத்தில் சார்சென் சீட்டைப் பின்பக்கம் திருப்பினார். பொடி எண்களைப் படித்தே சம்பாதிக்கிற மனிதர். அந்த அலுவலகத்தில் பின்பக்கம் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அங்கே எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்தது: 'சராசரி மனிதரின் மதிப்பு நூறு. நூறுக்கு மேலும் பெறலாம்.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். துடைத்ததில் எழுத்து இன்னும் தெளிவானதே தவிர மாறவில்லை. டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் போய் ஒரு கம்பிச் சுருள்மேல் உட்கார்ந்தார். சராசரி என்று இதுவரை அவர் யார் யாரை நினைத்திருந்தாரோ அவர்களெல்லாம் வரிசையாக வந்தார்கள். பெட்ரோல் பங்கில் தூங்குகிறவன், எப்போதும் எதிர்த்திசை பஸ்ஸில் ஏறும் தபால்காரர், தன் மைத்துனன். அவர்களுக்கெல்லாம் ஆறு படி கீழே தான். டி.வி.க்கு மேலிருந்த சான்றிதழை யாரோ ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றுவதுபோல இருந்தது.

வீட்டில் சொல்லிவிடலாம் என்று கிளம்பினார். தெருவில் திரும்பியதும் பெண்கள் அவர்மேல் மிட்டாயை வாரி இறைத்தார்கள். ஒரு கெட்டிக் காரமெல் நெற்றியில் பட்டது. "கேளுங்க, இந்த நூறுங்கறது..." என்று வாயைத் திறந்தார். திறந்த வாயில் சுடச்சுட ஒரு பவுர்சாக்கைத் திணித்தார்கள். எண்ணெயில் பொரித்த மாவு உண்மையைவிட இடத்தை அடைக்கும்.

அடுத்த இரண்டு நாளும் கொட்டகைக்குள் உட்கார்ந்து போனில் வரும் அறிவுச் சோதனைகளையெல்லாம் எழுதினார். ஒன்று 71 கொடுத்தது. ஒன்று 138 கொடுத்தது. தெம்பாகி அதையே மறுபடி எழுதினார், 80 கொடுத்தது. இன்னொன்று அவரை நூற்றாண்டின் மேதை என்றது. ஆனால் அது தலைமுடித் தைலத்தின் விளம்பரம்.

இது ஒருபக்கம் இருக்க, ஒதெபாய்க்கு வந்தது 112.

"நூத்துக்கு நூத்திப்பன்னெண்டு எப்படிய்யா வரும்?" என்றார் அலுவலகத் தலைவர் முகாமெத். அவருக்கு 97, மூன்று நாளாகச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்து அந்த இடத்தைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "காப்பியடிக்கிறவன்கூட நூறோட நிறுத்துவான். இவனுக்கு நிறுத்தத் தெரியல பாரு." திங்கட்கிழமைக்குள் ஒதெபாய் மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், அன்றே அடுத்த மதிப்பெண்காரரான சார்சென் போர்மேன் என்று அறிவிப்பு வரும் என்று முடிவாயிற்று. ஒதெபாயின் மனைவி ஷோல்பான் வெட்கத்தில் குழாயடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிறு நண்பகலில் மாமனார் ஒராஸ்பெக் வீட்டில் விருந்து. அலுவலகம் முழுக்க வந்திருந்தது. கூப்பிட்ட மரியாதைக்கு ஒதெபாயும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். எங்களில் மருமகனுக்கு வைப்பது ஆட்டின் நெஞ்சுக்கறி. தலை, சபையிலேயே பெரியவருக்கு. ஒராஸ்பெக்கோ தலை வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே சார்செனிடம் வந்தார்.

"மாப்ள, இருபத்தாறு வருஷமா உனக்கு நெஞ்சுக்கறி வச்சோம். ஆள் தெரியாம வச்சுட்டோம். இன்னைக்குத் தலை உனக்கு."

தலை அவர் முன்னால் வந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தது. அதற்குள்ளும் ஒரு மூளை இருந்தது. நன்றாக வெந்து, யாருடைய மதிப்பெண்ணையும் பற்றிக் கவலைப்படாமல். சார்சென் கத்தியை எடுத்தார். தலையை ஏற்றுக்கொண்டவர் முதலில் காதை அறுப்பது வழக்கம்; அறுத்தால் போதும், ஆயுசுக்கும் அகாதெமிக்.

"ஒதெபாய்," என்று யாரோ எதிர் வரிசையிலிருந்து ஆரம்பித்தார்கள், "கம்பத்து மேல நின்னுக்கிட்டு யாரு பேப்பரடா பாத்தே?"

"அவனுக்குக் கண்ணு கூர்மை. அல்மாட்டி வரைக்கும் தெரியும்."

ஒதெபாய் சிரிக்கவில்லை. மெதுவாகச் சார்செனின் பக்கம் நகர்ந்து வந்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"யாரப் பாத்து எழுதினேன்னு கடுதாசில போடணுமாம். நான் யாரையும் பாக்கல. ஆனா சும்மா விடமாட்டேங்குறாங்க. உங்க பேரப் போட்டுக்கட்டுமா? ஊருலயே நீங்கதான் அறிவாளி, பாத்து எழுதினேன்னா நம்புவாங்க. கோவிச்சுக்காதீங்க."

கத்தி அப்படியே நின்றது. சார்செனின் காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து ராய்ஹானிடம் நீட்டினார்.

"பின்னாடி படிம்மா. சத்தமா."

ராய்ஹான் படித்தாள். சராசரி மனிதரின் மதிப்பு நூறு. நூறுக்கு மேலும் பெறலாம்.

"என்னோடது தொண்ணூத்தி நாலு," என்றார் சார்சென். "அதாவது சராசரிக்கும் கீழ. வியாழக்கிழமையே தெரியும். இவன் திருடல. இவன்தான் இங்க இருக்கறதுலயே மேல."

முகாமெத் தன் சீட்டை எடுத்தார், திருப்பினார், படித்தார். பிறகு அதைப் பின்பக்கப் பாக்கெட்டில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப நீ தேறலயா மாப்ள?" என்றார் ஒராஸ்பெக்.

"இல்ல மாமா."

"தல வெந்துருச்சே. இப்ப என்ன பண்றது?"

தட்டைத் தூக்கி ஒதெபாயின் முன்னால் வைத்தார்கள். அவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "ஐயோ வேணாம் தாத்தா. எங்கப்பா உசுரோட இருக்காரு." அப்பா உயிரோடிருக்கிறவன் தலையைத் தொடக் கூடாது, ஊரின் தலைசிறந்த மூளைக்கும் அதே சட்டம்தான். தலை சபையை ஒரு சுற்றுச் சுற்றி, ஒராஸ்பெக்கிடமே வந்து சேர்ந்தது. கிழவர் அதை எதிர்பார்த்தவர்போலக் கத்தியைக் கையில் வாங்கினார். சார்செனுக்கு நெஞ்சுக்கறி வந்தது. ஒரு துண்டு வாயில் போட்டார். மூன்று நாளில் முதல்முறையாக அவருக்குப் பசித்தது.

"எனக்கு இருபத்தாறு வருஷமாத் தெரியும்," என்றாள் ஜுபார் பரிமாறிக்கொண்டே. "விடை வந்த பேப்பரப் பக்கத்துல வச்சுக்கிட்டு முந்தின நாள் குறுக்கெழுத்தத்தான் பேனாவால போடுவாரு."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"கையெழுத்து அழகா இருந்துச்சு."

சபை ஒரேயடியாகச் சிரித்தது. நான் கவனமாகப் பார்த்தேன். சார்சென்தான் கடைசியாக நிறுத்தினார். சிரிப்பு ஓய்ந்ததும் ஜுபாரின் பார்வை ராய்ஹானின் தோளுக்குப் போயிற்று.

"ஏய், என் சால்வை?"

"குடுத்தது குடுத்ததுதான் அண்ணி. நான் கொண்டாந்தப்ப நல்ல சேதியாத்தான் இருந்துச்சு. வழியில கெட்டுப்போனா நான் பொறுப்பா?" என்றவள் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். அவள் கண்ணில் ஏதோ மின்னியது. ஷோல்பான் விருந்துக்கு வரவில்லை. புருஷன் திருடனில்லை, அறிவாளி என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. புத்தம்புதிய செய்தி, கொண்டுபோக ஆளில்லை.

ராய்ஹான் சந்தடியில்லாமல் எழுந்தாள். அதைக் கவனித்தவர் ஒருவர்தான். வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேடினார்கள்.

"அண்ணே, இது என் தொழில்."

"செய்தி என்னோடதும்மா," என்றார் சார்சென்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது; பெரிய தெரு வழியாகப் பறந்தாள். அவருக்கு ஐம்பத்திரண்டு, கோட்டு வேறு. அவர் தெருவுக்கே போகவில்லை. பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவைத் தூக்கித் திறந்து நுழைந்தார். நாங்கள் வேலிமேல் ஏறிப் பார்த்தோம். ரொட்டிச் சூளைக்காரரின் வேலியில் மூன்றாவது பலகை ஆடும். அதன் வழியாகப் போனார். கறுப்பு நாய் பாய்ந்து வந்தது. "அக்தோஸ், நான்தாண்டா," என்றார். நாய் வாலாட்டிக்கொண்டே கூட ஓடியது. ஒவ்வொரு கொல்லையைத் தாண்டும்போதும் அவர் வாய் தானாக முணுமுணுத்தது: நாற்பத்தேழாம் நம்பர், எட்டாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு. நாற்பத்தொன்பது, மூவாயிரத்து ஆறு. கோழிக்கூண்டு, கால்வாய், துணிக்கொடி. கொடியிலிருந்த ஒரு தலையணை உறையும் கொஞ்ச தூரம் கூடப் போயிற்று.

ஷோல்பான் முற்றத்தில் கம்பளத்தை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொல்லைப்பக்கத்திலிருந்து தலையணை உறையோடு நாளைய போர்மேன் ஓடி வருவதைப் பார்த்துப் பிரஷைக் கீழே போட்டாள்.

"சுயின்ஷி," என்றார். அதற்குமேல் மூச்சு இல்லை.

"என்னண்ணே, இன்னொரு கடுதாசி எழுதணுமா?"

"எடுத்துக்கன்னு... சொல்லு மொதல்ல."

"எங்க வீட்டுல எடுக்க என்ன இருக்கு? அந்தா, வாத்து நிக்குது. எடுத்துக்கங்க."

"உன் புருஷன் திருடல. நூறுதான் சராசரி. அவன் பன்னெண்டு மேல. நான் ஆறு கீழ. இந்தாபுள்ள, அவன் அறிவாளி. இந்த ஊருலயே."

ஷோல்பான் ஈரக் கம்பளத்தின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலைத்துணியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அழுதாள் என்றும் சிலர் சொல்வார்கள். அப்போதுதான் முன்வாசல் கதவு படீரென்று திறந்தது.

"சுயின்..." என்ற ராய்ஹான், சார்செனின் கக்கத்தில் வாத்தைப் பார்த்து மீதியை விழுங்கினாள். "எந்த வழியா வந்தீங்க அகாதெமிக் அண்ணே?"

"மீட்டர் வழியா."

திரும்பும்போது அவர் பெரிய தெருவின் நடுவிலேயே நடந்தார். வாத்து அவருடைய கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு வந்தது. விருந்துக்கு வராத தபால்காரர் எதிர்த்திசை பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"அகாதெமிக், உங்களுக்கு எத்தனைன்னு சொன்னாங்க?"

"தொண்ணூத்தி நாலு," என்றார் சார்சென். வாத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "இதோட சேத்துத் தொண்ணூத்தஞ்சு."